மலை வீட்டுச் சுவரில் டிவி மாட்டுவது: முழுமையான வழிகாட்டி

டிவியோடு வரும் பிராக்கெட் பாக்கெட்டைப் பிரித்தால் சில பிளாஸ்டிக் பிளக்கும் அதற்கேற்ற ஸ்க்ரூவும் இருக்கும். பிளக்கின் நீளம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர்தான். கோயம்புத்தூரில் புதிதாகக் கட்டிய செங்கல் சுவருக்கு அது போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பழைய வீடுகளில் பூச்சே இரண்டு விரல் கனம் இருக்கும். அங்கே அந்தப் பிளக்கின் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், உள்ளே இருக்கும் கல்லில் சரியாகக் கடிக்காது. மாட்டிய அன்று அசையாமல் இருக்கும் டிவி, ஒரு மழைக்காலம் போய்ப் பூச்சு ஊறியதும் மெல்லத் தலை குனிய ஆரம்பிக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி சுவரைப் பற்றியது. டிரில் பிடிப்பதும் ஸ்க்ரூ முடுக்குவதும் அரை நாள் வேலை. எந்தச் சுவர், அதற்குள் என்ன இருக்கிறது, மழையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நீலகிரி வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்து வீடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவிக்காகச் செய்த மர ஸ்டாண்டு இன்னும் பல வீடுகளில் திடமாக நிற்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்து, வாங்கியது 32 இஞ்ச் டிவி என்றால், அதன் மேலேயே வைத்துவிடுங்கள். எல்லா டிவியும் சுவர் ஏறித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பது

முடிந்தவரை இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவரையே எடுங்கள். வெளிச்சுவரை விட்டால் வழியில்லை என்றால், மழை எந்தப் பக்கமிருந்து சாத்துகிறது என்று பாருங்கள். கூடலூர், தேவாலா, நடுவட்டம், ஊட்டிக்கு மேற்கே உள்ள ஊர்களில் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தப் பக்கத்தில் தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்கள் ஜூனில் நனைந்தால் செப்டம்பர் வரை காயாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் பயப்பட வேண்டும். அங்கே கிழக்கும் வடக்கும் பார்த்த சுவரைத் தவிருங்கள்.

பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும் சுவரையும் நம்ப வேண்டாம். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. முதல் வகை என்றால் வேறு சுவர் பாருங்கள், அல்லது ஒழுக்கைச் சரிசெய்துவிட்டு ஒரு கோடை காய விடுங்கள். இரண்டாவது வகைக்குப் பின்னால் சொல்லப்போகும் பலகை போதும். உப்புப் பூத்து மாவாக உதிரும் சுவருக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அது வேண்டாம்.

பழைய பங்களா வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி, கணப்புக்கு மேலே மாட்டலாமா என்பது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலான டிவி கையேடுகள் 40 டிகிரி செல்சியஸைத்தான் மேல் எல்லையாகச் சொல்கின்றன. டிசம்பரில் விறகு எரியும்போது கணப்புத் திண்டுக்கு மேல் இருக்கும் சுவர் அதைச் சுலபமாகத் தாண்டும். புகைக்கரியும் டிவியின் காற்றுத் துளைகளில் ஏறும். போதாததற்கு, திண்டின் உயரத்தால் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்கும். கணப்பை அடைத்து, இனி எரிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தால் மாட்டுங்கள். அப்போதும் புகைப்போக்கிக்குள் மழைநீர் இறங்கி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரும் சரிப்படாது. வெயிலைவிட, மேகம் இறங்கிய நாளில் ஜன்னல் முழுக்க வரும் வெள்ளை வெளிச்சம்தான் திரையில் அதிகம் தெரியும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

தட்டிப் பார்ப்பது முதல் படி. இரண்டாவது, டிவி மறைக்கப்போகும் இடத்தில் 5 மில்லிமீட்டர் பிட்டால் சோதனைத் துளை ஒன்று போடுவது. அதற்கு முன் மின்வயர் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே புதைத்த பைப் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோதான் போகும். அந்தக் கோடுகளில் துளை போடாதீர்கள். பழைய வீடுகளில் குறுக்கே இழுத்திருப்பதும் உண்டு. அதனால் சுவரில் வைத்தாலே ஒலி எழுப்பும் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொண்டு தடவிப் பாருங்கள். அந்தச் சுவருக்கு மின்சாரம் போகும் எம்சிபியை அணைத்துவிட்டு, வேறு சுற்றிலிருந்து டிரில்லுக்கு மின்சாரம் எடுங்கள்.

துளையிலிருந்து வரும் பொடியைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். கடைசிவரை சாம்பல் நிறமாக, ஒரே சீராக வந்தால் சாலிட் பிளாக் அல்லது கான்கிரீட். சாம்பல் பொடி வந்து, ஒரு இஞ்ச் போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். வெள்ளையாக, லேசாக, தடையே இல்லாமல் வந்தால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். முதலில் சுண்ணாம்புப் பூச்சு வந்து, பிறகு பிட் வழுக்கிக் கத்தினால் கருங்கல். அதே சுவரில் நான்கு விரல் தள்ளிப் போட்டால் ஈர மண் வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்து அது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா முதல், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் வரை, மலையில் கிடைத்த கல்லை வைத்துத்தான் பலர் கட்டினார்கள். இப்படிப்பட்ட சுவரில் கல் பிளக்கை அருமையாகப் பிடிக்கும், நடுவிலிருக்கும் மண்ணோ சுண்ணாம்போ பிடிக்காது. 1958-இல் வந்த நைலான் பிளக், ஸ்க்ரூ உள்ளே போகும்போது விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துவதால்தான் நிற்கிறது. பக்கம் மெதுவாக இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் மண்தான் நகரும். பூச்சுக்கு அடியில் எங்கே கல், எங்கே இடைவெளி என்று வெளியிலிருந்து தெரியாது. பிராக்கெட்டின் துளைகளோ நகராது. நான்கில் இரண்டு சாந்தில் விழுந்தால் வேலை கெட்டது.

மரப்பலகைத் தடுப்பு இருக்கும் பங்களாக்களில் பலகை கனம் குறைவு, நேராக அதில் மாட்டக்கூடாது. பின்னால் நிற்கும் மரச்சட்டத்தைத் தேட வேண்டும். ஒரு காந்தத்தைப் பலகை மேல் ஓட்டினால் ஆணி வரிசை எங்கே என்று காட்டிக்கொடுக்கும், ஆணி இருக்கும் இடத்தில் சட்டம் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தடுப்பில் துளையே போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நடுவில் ஒரு பலகை

என் கட்சி இதுதான்: மலையில் பழைய வீடு என்றால் டிவி பிராக்கெட்டை நேராகச் சுவரில் பிடிக்காதீர்கள். சுவரில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம், ரீப்பர் மேல் பிளைவுட், பிளைவுட் மேல் பிராக்கெட். கூடுதல் செலவும் ஒரு நாள் வேலையும் ஆகும். ஆனால் இரண்டு தொல்லைகள் ஒரே அடியில் தீரும். பிடிமானம் எங்கே கிடைக்கிறதோ அங்கே துளை போட்டுக்கொள்ளலாம், பிராக்கெட்டின் நான்கு புள்ளிகளுக்கு அடிமையாக இருக்க வேண்டாம். பலகைக்குப் பின்னால் காற்று ஓடுவதால் சுவரின் ஈரம் டிவியின் முதுகில் ஏறாது.

ரீப்பர் 50 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம் போதும். நன்றாகக் காய்ந்த தேக்கோ சில்வர் ஓக்கோ இருக்கட்டும். பச்சை மரம் வாங்கினால் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு அல்லது மூன்று ரீப்பரை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். படுக்கையாக வைத்தால் கீழிருந்து மேலே போகும் காற்றை அதுவே தடுத்துவிடும். பிளைவுட் 18 மில்லிமீட்டர், ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் வகை. கடையில் அதைவிடக் குறைந்த விலையில் ஒன்றைக் காட்டி இதுவும் தண்ணீர் தாங்கும் என்பார்கள். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் பிரைமர் அடியுங்கள், ஈரம் ஓரத்தின் வழியாகத்தான் நுழையும்.

ரீப்பரைச் சுவரில் பிடிக்கக் கதவு நிலைக்குப் போடும் நீள நைலான் பிளக் கேளுங்கள். கணக்கு இப்படி: ரீப்பர் 25, பூச்சு 30, அதற்கு உள்ளே கல்லிலோ செங்கல்லிலோ குறைந்தது 60. மொத்தம் 115 மில்லிமீட்டர். ஆக 10-க்கு 120 அளவு (10 மில்லிமீட்டர் கனம், 120 மில்லிமீட்டர் நீளம்) சரியாக இருக்கும். உங்கள் பூச்சின் கனத்தைச் சோதனைத் துளையில் அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்லது. சாதா இரும்பு ஸ்க்ரூ துரு கக்கி, சுவரில் காவிக் கோடு இழுக்கும்.

ஒவ்வொரு ரீப்பருக்கும் குறைந்தது மூன்று நல்ல பிடிகள் வேண்டும். துளை சாந்தில் விழுந்தால் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள்.

மண் வைத்துக் கட்டிய லைன் வீட்டுச் சுவரில் எங்கே போட்டாலும் பிடிப்பதில்லை என்றால், ரீப்பரைத் தரை வரை இறக்கிவிடுங்கள். எடையைத் தரை வாங்கிக்கொள்ளும், சட்டம் முன்னால் சாயாமல் பார்ப்பது மட்டுமே சுவரின் வேலை. அதற்கு மண் சுவரிலும் எட்டுப் பத்துப் பிளக் போட்டால் சமாளிக்கலாம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அடுத்த வீடு இருக்கிறது என்பதை மறக்காமல் பிட்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் குடியிருப்பில் நிர்வாகத்திடமும், வாடகை வீட்டில் உரிமையாளரிடமும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பிளைவுட்டை ரீப்பரில் பிடிக்கும் முன் பிராக்கெட்டின் துளைகளைப் பிளைவுட்டில் குறித்துத் துளையிட்டு, பின்பக்கமிருந்து எம்8 போல்ட்டைப் பெரிய வாஷரோடு செருகி, முன்பக்கம் ஒரு நட்டு போட்டு இறுக்கிவிடுங்கள். போல்ட்டின் தலை உட்கார ரீப்பர் கொடுக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. வெறும் மர ஸ்க்ரூவை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நம்புவதைவிட இது பல மடங்கு உறுதி.

புது வீடு, சாலிட் பிளாக் அல்லது கான்கிரீட் சுவர், ஈரமும் இல்லை என்றால் இந்தப் பலகை வேலையே வேண்டாம். 10 மில்லிமீட்டர் பிளக் போட்டு நேராக மாட்டலாம். ஹாலோ பிளாக்கில் சாதா பிளக் நிற்காது. உள்ளே போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட், அல்லது சல்லடைக் குழாயோடு போட்டுப் பசையால் இறுகவைக்கும் கெமிக்கல் ஆங்கர் தேவை. ஏஏசி பிளாக்குக்கென்று தனிப் பிளக் இருக்கிறது, அதையே வாங்குங்கள்.

எந்த பிராக்கெட்

டிவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள தூரம்தான் வெசா அளவு. 100-க்கு 100, 200-க்கு 200, 400-க்கு 400 என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள். டிவியின் எடையையும் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் என்று எழுதியிருக்கும் பிராக்கெட்டை வாங்குங்கள்.

சுவரோடு ஒட்டி நிற்பது, கொஞ்சம் முன்னால் சாய்வது, கை நீட்டி இழுப்பது என்று மூன்று வகை. கை நீட்டும் வகையைப் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அது சுவரை என்ன செய்கிறது என்று பாருங்கள். டிவி 16 கிலோ, கையை 50 சென்டிமீட்டர் இழுத்திருக்கிறீர்கள். திருப்பு விசை 16 × 50 = 800. தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் 20 சென்டிமீட்டர் என்றால், மேல் போல்ட்டுகளை 40 கிலோ விசை சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. அதே டிவி சுவரோடு ஒட்டி, அதன் எடை மையம் 6 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அந்தப் பிடுங்கல் 5 கிலோகூட வராது. குழந்தை ஒன்று கையைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். கல்-மண் சுவரில் கை நீட்டும் பிராக்கெட் வேண்டவே வேண்டாம். சாய்வு வகைதான் என் தேர்வு. சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பதால் பின்னால் காற்றும் போகும், வயரைச் செருகக் கையும் போகும்.

உயரம்

நம் ஊரில் டிவியைச் சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டும் பழக்கம் இருக்கிறது. வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் கண் வரை அளக்கச் சொல்லுங்கள். சோபாவில் 100 முதல் 110 சென்டிமீட்டர் வரும். திரையின் நடு அங்கே, அல்லது ஒரு சாண் மேலே இருக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம். 43 இஞ்ச் டிவியின் உயரம் சுமார் 55 சென்டிமீட்டர், ஆகவே கீழ் விளிம்பு தரையிலிருந்து 75-80 சென்டிமீட்டரில் நிற்கும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் இன்னும் இறக்குங்கள். அட்டைப்பெட்டியை டிவி அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, வீட்டில் எல்லோரையும் ஒரு மாலை முழுக்க உட்காரச் சொன்னால் பிறகு சண்டை வராது.

துளை போடுவது

பழைய பூச்சில் டிரில்லின் சுத்தியல் அடியை முதலிலேயே போட்டால் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும். சுத்தியலை அணைத்து, 6 மில்லிமீட்டர் பிட்டால் மெதுவாகப் பூச்சைத் தாண்டுங்கள். கல்லோ செங்கல்லோ தட்டியதும் சுத்தியலைப் போடலாம். பிறகு 10 மில்லிமீட்டர் பிட். ஹாலோ பிளாக்கிலும் ஏஏசியிலும் கடைசிவரை சுத்தியல் வேண்டாம். கருங்கல்லில் சாதா டிரில்லோடு மல்லுக்கட்டி பிட்டைச் சிவக்க வைக்காமல், ரோட்டரி ஹேமர் மிஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம்.

ஆழம் பிளக்கைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பொடியை நன்றாக ஊதி எடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிளக் பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் ரீப்பரைத் தூக்குக்குண்டு வைத்தும், பிராக்கெட்டை ரசமட்டம் வைத்தும் சரிபாருங்கள். கூரைப் பலகையையோ தரையையோ பார்த்து மட்டம் எடுக்க வேண்டாம், பழைய வீடுகளில் இரண்டுமே சாய்ந்திருக்கலாம்.

டிவியை ஏற்றும் முன் சோதனை. பிராக்கெட்டில் ஒரு கயிறு கட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். டிவி 10 கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு கேன். காலையில் ஸ்க்ரூ தலையைச் சுற்றி முடி அளவு விரிசல் தெரிந்தாலும் கழற்றிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

டிவியை ஏற்றுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பெட்டி. டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரித்துப் பேனலில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே வண்டியில் கொண்டுவந்தால் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுவாருங்கள். ராத்திரிக் குளிரில் வந்த டிவியைச் சூடான அறைக்குள் வைத்ததும் ஆன் செய்யக்கூடாது, உள்ளே நீர் கோத்திருக்கும். சில மணி நேரம் சும்மா விடுங்கள்.

கையேடு அனுமதித்தால் கட்டில் மேல் கம்பளி விரித்து டிவியைக் கவிழ்த்து, பிராக்கெட்டின் இரண்டு பட்டைகளை முதுகில் பொருத்துங்கள். ஸ்க்ரூ எம்4, எம்6, எம்8 என்று டிவிக்கு டிவி மாறும். நீளம் அதைவிட முக்கியம். ஓர் ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழம் அளங்கள். அதைவிட நீளமான ஸ்க்ரூவை முடுக்கினால் உள்ளே போர்டைக் குத்திவிடும். விரலால் சுற்றி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்க்ரூடிரைவர். பவர் மிஷின் வேண்டாம்.

எச்டிஎம்ஐ, டிஷ் வயர்களை ஏற்றும் முன்பே செருகிவிடுங்கள். இரண்டு பேர் இரு பக்கம் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கி, மேல் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு கீழே தள்ளுங்கள். கீழே பூட்டு ஸ்க்ரூ இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.

வயர், டிஷ், இடி

டிவிக்குப் பின்னாலேயே ஒரு மூன்று முனைப் பிளக் பாயிண்ட் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வரும்போதே எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது.

டிஷ் வயருக்குச் சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், வயரும் துளைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி ஏற வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே டிவி வரை வரும். நம் அட்சரேகையில் டிஷ் நல்ல உயரத்தில் வானத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். அதனால் எதிர்மலை அநேகமாக மறைக்காது, பக்கத்தில் வளர்ந்த கற்பூர மரமோ சில்வர் ஓக்கோதான் மறைக்கும்.

சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசி இடியிலும் ஸ்டெபிலைசரோ சர்ஜ் புரொடெக்டரோ முழுக்கக் காப்பாற்றாது. பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றுவதுதான் பாதுகாப்பு. அதற்காகவே பிளக் பாயிண்ட்டைக் கை எட்டாத இடத்தில் மறைக்க வேண்டாம்.

மாட்டிய பிறகு

முதல் மழைக்காலம் முடிந்ததும் ரீப்பர் ஸ்க்ரூக்களை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், மரம் சுருங்கி விரிந்திருக்கும். பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் மட்டும் வந்து தங்கும் வீடாக இருந்தால், பூட்டிப் போகும்போது பிளக்கைக் கழற்றி, பழைய பருத்தி வேட்டியால் டிவியை மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

வீடு மாறும்போது துளைகளை அடைக்க, சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் சிமெண்ட் வைக்காதீர்கள். சிமெண்ட் இறுகி நின்று, சுற்றியுள்ள சுண்ணாம்பு ஈரம் கோத்து உதிரும். நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்து, துளையை நனைத்து, இரண்டு தடவையாக வைத்து அடைத்தால் அடுத்த வெள்ளையடிப்பில் இடம் தெரியாது.